மரமும் மெடலும்

வடக்குப்பட்டில் கம்பெனி பஸ்களுக்கு ஒதுங்கி, சைக்கிளில் ஸ்கூல் போகும் பெண்களைப் பார்த்தபோது வீராங்கனை டெபோரா ஹெரால்டு ஞாபகம் வந்தார். அவரைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் எல்லாம் 2004 சுனாமியில்தான் ஆரம்பிக்கின்றன. நிக்கோபார், ஒன்பது வயது, மரத்தைப் பிடித்துத் தப்பினார். சரி, அப்புறம்?

பிரேக்கும் கிடையாது, கியர் மாற்றவும் முடியாத சைக்கிளில், நின்ற நிலையிலிருந்து கிளம்பி 500 மீட்டர் தனியாக ஓட்ட வேண்டும். அதில் 2015-ல் உலகத் தரவரிசையில் நாலாவது இடம்! ஆனால், பெண்களுக்கான அந்தப் போட்டி 2000, 2004 ஒலிம்பிக்ஸோடு சரி, அப்புறம் தூக்கிவிட்டார்கள். உலகத்தில் நாலாவதாக வந்தும், அதில் ஒலிம்பிக்ஸ் போக வழியில்லை. நியாயமாக நமக்குக் கோபம் வரவேண்டிய இந்த இடத்தைக் கட்டுரைகள் தாண்டிப் போய்விடுகின்றன.

கண்ணீரை எழுதுவது சுலபம். அந்த அரை நிமிஷத்தை எழுதத்தான் கொஞ்சமாவது சைக்கிள் தெரிய வேண்டும்.