கருக்கு: விசுவாசம் கேட்கும் கணக்கு

கடவுளை மறுத்தால் பகுத்தறிவு, கேள்வி கேட்காமலிருந்தால் விசுவாசம் என்று நம்மில் பலர் பிரித்து வைத்திருக்கிறோம். 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' இந்தப் பிரிப்புக்குள் அடங்காது. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டு வசதியாக வாழும் கன்னியர் மடத்தை, வேதத்தை வைத்தே விசாரிக்கிறார். பொறுமையும் மன்னிப்பும் சொல்லிக்கொடுத்தவர்கள், அநியாயத்தைக் கண்டு கோபப்படுகிற கடவுளை ஏன் சொல்லித்தரல? இதை மேடை நாத்திகர் கேட்கவில்லை. செபமாலை உருட்டின கைதான் கேட்குது.

கிறிஸ்தவரான தலித்தைப் பட்டியல் சாதியில் சேர்க்க 1950ஆம் ஆண்டு ஆணை இடம் தரவில்லை. ஆனால் ஞானஸ்நானத் தண்ணியில சாதி கரையல என்பதற்கு இந்நூலே சாட்சி. அரசும் சபையும் சேர்ந்து மறைப்பதை ஒரு பெண்ணின் அனுபவம் வெளியே இழுத்துப் போடுகிறது. இதில் தத்துவம் எங்கே என்று கேட்கிறார்கள். சொல்லுக்கும் வாழ்வுக்கும் உள்ள இடைவெளியை அளப்பதைவிட வேறென்ன தத்துவம்?

பாமா மடத்தை விட்டார், கடவுளை விடல. விசுவாசத்துக்குள் நின்று கணக்குக் கேட்பதும் பகுத்தறிவுதான்.