சொல் மாறாமல் பொருள் மாறலாமா? – மின்னிலக்க அட்டை விளையாட்டில் விதியும் விளக்கமும்

முன்னுரை

நூற்பா சுருங்கச் சொல்லும். உரை அதனை விரித்துக் காட்டும். தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் முதலாகப் பலர் உரை கண்டனர். ஒருவர் கொண்ட பொருளைப் பின்வந்தவர் மறுத்ததும் உண்டு. எனினும், உரை வேறுபட்டமையால் நூற்பாவின் ஆட்சி மறைந்துவிடவில்லை. இம்மரபில் பயின்ற நமக்கு, மின்னிலக்க அட்டை விளையாட்டுகளில் உருவாக்குநர் வெளியிடும் விதி விளக்கங்கள் ஆராயத்தக்க ஒரு சிக்கலை முன்வைக்கின்றன. அங்கு நூல் செய்தவரே உரையும் செய்கிறார். தாமே நூல் செய்து தாமே உரையும் எழுதுவது நமக்குப் புதிதன்று. இலக்கணக் கொத்தும் பிரயோக விவேகமும் அவ்வாறு அமைந்தவையே. ஆனால், விளையாட்டின் உருவாக்குநர் உரை எழுதும்போதே நூலின் செயலையும் மாற்றிவிட வல்லவராக இருக்கிறார். இவ்விளக்கங்களை ஒருவகை உரையாகக் கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூவகைப் பனுவல்

இங்குக் குறிப்பிடப்படுவது நாம் அறிந்த சீட்டாட்டம் அன்று. 1993ஆம் ஆண்டு வெளிவந்த ‘மேஜிக்: த கேதரிங்’ தொடங்கி வளர்ந்த வகை இது. ஒவ்வோர் அட்டையிலும் அதன் ஆற்றல் ஓரிரு வரிகளில் எழுதப்பட்டிருக்கும். 2014இல் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட ‘ஹார்த்ஸ்டோன்’ இவ்வகையை முற்றிலும் கணினித் திரைக்குரியதாக்கியது. தாள் அட்டையை வைத்து ஆடுவோர் விதியைத் தாமே படித்துப் பொருள் கொள்ள வேண்டும்; ஐயம் எழுந்தால் நடுவரை அணுகுவர். திரையிலோ நிரலே நடுவராகிவிடுகிறது. ஆகவே, அட்டையில் எழுதப்பட்ட சொல், நிரலின் செயல், உருவாக்குநரின் விளக்கம் என மூவகைப் பனுவல்களை நாம் எதிர்கொள்கிறோம். இம்மூன்றும் ஒத்துச் செல்லும்வரை சிக்கல் இல்லை.

விளக்கம் விளக்கமாகவே நிற்கும் இடமும் உண்டு. ஹார்த்ஸ்டோன் அட்டைகளில் ஒரு செயல் ‘நிகழும்போதெல்லாம்’ என்பதும், ‘நிகழ்ந்த பின்’ என்பதும் ஒன்றல்ல. முன்னது அச்செயல் முடிவதற்குள் விளைவைத் தரும். பின்னது முடிந்த பிறகே தரும். எச்சங்களின் காலத்தைக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். இத்தகைய விளக்கம் சொல்லில் உள்ளதையே எடுத்துரைப்பதால் உரை எனும் பெயருக்கு முற்றும் தகுதி உடையது.

சொல் நிலைத்து, செயல் மாறியது

2016ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த யோக்-சரோன் என்னும் அட்டை வேறு வகையானது. ஆட்டக்காரர் அதுவரை எத்தனை மந்திரங்களைப் பயன்படுத்தினாரோ, அத்தனை மந்திரங்களை அது குருட்டாம்போக்கில் ஏவும். ஏவப்பட்ட மந்திரத்தால் அந்த அட்டையே அழிந்துபோனாலும் ஏவுதல் நிற்காது. வேடிக்கைக்குரியதாகக் கருதப்பட்ட அது போட்டிகளிலும் இடம்பிடித்தது. அவ்வாண்டு அக்டோபரில் உருவாக்குநர் அதனை மாற்றினர். யோக்-சரோன் அழிக்கப்பட்டாலோ, உருமாறினாலோ, கைக்குத் திரும்பினாலோ ஏவுதல் அவ்விடத்தே நின்றுவிடும் என்றனர். ஆயின், அட்டையின் மீதிருந்த சொற்களில் எம்மாற்றமும் செய்யப்படவில்லை.

அதே வரியைச் செப்டம்பரில் படித்தவருக்கு ஒரு பொருள். அக்டோபரில் படித்தவருக்கு வேறொரு பொருள். வேறுபாட்டை அறிவித்தது அட்டைக்கு வெளியே இருந்த அறிவிப்பு மட்டுமே. அந்த அட்டையைக் கலைப்போருக்கு அதன் ஆக்கச் செலவான 1,600 ‘துகள்’ முழுவதையும் குறிப்பிட்ட காலத்திற்குத் திருப்பித் தரவும் நிறுவனம் முன்வந்தது. வழக்கமாகக் கலைத்தால் கிடைப்பது 400 மட்டுமே. இழப்பீடு தந்ததனால், நிகழ்ந்தது விளக்கம் அன்று, மாற்றமே என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டது எனலாம். அட்டையின் சொல் மட்டும் அதனை ஒப்புக்கொள்ளவில்லை.

இதனோடு டிரெட்ஸ்டீட் என்னும் அட்டையை ஒப்பிடுதல் தகும். மாண்டவுடன் மீண்டும் தோன்றுவது அதன் இயல்பு. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டில் டிஃபைல் என்னும் மந்திரம் அறிமுகமானது. களத்தில் ஏதேனும் மாண்டால் அம்மந்திரம் மீண்டும் ஏவப்படும். இவ்விரண்டும் சேர்ந்தால் சாவும் பிறப்பும் மாறிமாறித் தொடரும். எனவே, டிரெட்ஸ்டீட் அந்தச் சுற்றின் முடிவிலேயே மீண்டும் தோன்றும் என மாற்றினர். அதனை அட்டையிலும் எழுதினர். சொல்லும் செயலும் ஒருங்கே மாறின. இதுவே நேர்மையான முறை எனக் கருதுகிறோம்.

தாள் தரும் சான்று

மேஜிக் விளையாட்டு தாளிலும் திரையிலும் ஒருங்கே வாழ்வது. 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த கம்பேனியன் எனப்படும் துணை அட்டைகளை ஆட்டத்திற்கு வெளியிலிருந்து நேரடியாகவே களமிறக்கலாம் என்பது விதி. அவை பலவகைப் போட்டிகளிலும் மேலோங்கியமையால், ஜூன் மாதத்தில் விதி திருத்தப்பட்டது. மூன்று மானா செலவிட்டு, முதலில் அவற்றைக் கையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே திருத்தம். ஆனால், அச்சான தாள் அட்டைகளில் பழைய குறிப்பே நின்றது. புதிதாக ஆட வருபவரை அது தடுமாறச் செய்யும் என்பது உண்மையே. ஆயினும், முன்பு விதி எவ்வாறு இருந்தது என்பதற்குத் தாள் சான்றாக நிற்கிறது. திரையில் மட்டும் வாழும் அட்டைக்கு அத்தகைய சான்று இல்லை. புதுப்பித்த நாளன்றே எல்லாக் கைகளிலும் பழையது மறைந்துவிடுகிறது.

உ.வே.சாமிநாதையர் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் குறித்தமைக்கு அடிப்படை, வேறுபட்ட சுவடிகள் எஞ்சியிருந்தமையே. எஞ்சாத பனுவலுக்குப் பாடவேறுபாடு காண்பது எங்ஙனம்? மின்னிலக்க விளையாட்டில் உருவாக்குநர் வெளியிடும் மாற்றக் குறிப்பு, அப்பணியின் பெரும்பகுதியைத் தானே சுமக்கிறது. அது தெளிவற்று அமைந்தால், ஆட்டக்காரர் மட்டுமன்றி ஆய்வாளரும் வழியிழப்பர்.

முடிவுரை

விளையாட்டைத் திருத்தும் உரிமை உருவாக்குநருக்கு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயிரக்கணக்கான அட்டைகள் ஒன்றோடொன்று கூடும்போது விளையும் அனைத்தையும் முன்கூட்டியே அறிதல் இயலாது. திருத்தாவிடின் ஆட்டமே பாழாகும். அட்டையின் சிறிய பரப்பில் எல்லாவற்றையும் எழுதிவிட முடியாது என்பதும் ஏற்கத்தக்கதே. எனினும், ஓரிரு சொற்களைச் சேர்க்க இடமின்மை வேறு. பொருள் மாறியதைச் சொல்லாது விடுதல் வேறு. உள்ளதை விரிப்பது உரை. இல்லாததைப் புகுத்துவது திருத்தம். இரண்டையும் ஒரே பெயரால் வழங்குதல் கூடாது.

விளையாட்டுப் பனுவல்களை ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் மாணவர் நம் வகுப்புகளிலும் தோன்றக்கூடும். அவர்களுக்கு நாம் வலியுறுத்த வேண்டியது ஒன்றே. நூலை மேற்கோள் காட்டும்போது பதிப்பாண்டைக் குறிப்பதுபோல, அட்டையை மேற்கோள் காட்டும்போது அதன் புதுப்பிப்பு நாளையும் அந்நாளில் அது செயற்பட்ட முறையையும் குறித்தல் வேண்டும். அட்டையின் சொல்லை மட்டும் எடுத்தாண்டு எழுதப்படும் ஆய்வு, எக்காலத்து ஆட்டத்தைப் பற்றியது என்பதே தெரியாமல் போய்விடும்.