நடுநிலையும் ஒரு தாயும்

அரசியல் நாடகம் என்பது மேடைப் பேச்சுக்கு வேஷங் கட்டிவிடுவதே என்று கருதுவோர் நம்மிடையே பலர். அதனை வெறுப்போர் அவ்வாறு கருதுகின்றனர். விரும்பி எழுதுவோருட் சிலரும் அவ்வாறே எழுதுகின்றனர். இவ்விரு சாராரும் கருத்தூன்றிப் படிக்கவேண்டிய ஓரங்க நாடகம், ஜேர்மானிய நாடகாசிரியர் பேர்டோல்ட் பிரெக்டின் ‘திருமதி காராரின் துப்பாக்கிகள்’. ஸ்பானிய உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கையில், 1937 ஒக்டோபரில், நாடிழந்து வாழ்ந்த ஜேர்மானியக் கலைஞர்கள் பாரிஸில் இதனை முதன்முதல் மேடையேற்றினர். தாயாக நடித்தவர் ஹெலன வைகல்.

கதை சிறிது. அந்தலூசியக் கரையோரத்தில் ஒரு மீனவர் வீடு. கணவனை 1934இல் நடந்த கிளர்ச்சியிற் பறிகொடுத்த தெரேசா காரார், இரு புதல்வரையும் போருக்கு விடுவதில்லையெனப் பிடிவாதமாக நிற்கின்றாள். மூத்தவன் ஹுவானை இரவில் மீன்பிடிக்க அனுப்பிவிட்டு, அவனது படகின் விளக்கைச் சாளரத்தினூடே கண்காணிக்கின்றாள். அடுப்பிலே ரொட்டி வேகின்றது. கணவன் விட்டுச்சென்ற துப்பாக்கிகள் வீட்டில் மறைந்து கிடக்கின்றன. அவற்றைக் கேட்டுப் போர்முனையிலிருந்து அவளது சகோதரன் பேத்ரோ வருகின்றான்.

எளிதில் தோற்கடிக்கத்தக்க பேதையாக அவளைப் படைத்திருக்கலாம். பிரெக்ட் அவ்வாறு செய்யவில்லை. வாளெடுத்தவன் வாளால் மடிவான் என்னும் அவளது நம்பிக்கை, ஒரு பிணத்தை ஏற்கெனவே சுமந்தவளின் நம்பிக்கை. ஏழைகள் எப்போதும் சாகிறார்கள். என் பிள்ளைகளாவது மிஞ்சட்டும் என்று அவள் எண்ணுவதில் இழிவு எதுவுமில்லை. அயலார் ஏசுகின்றனர்; ஹுவானின் காதலி வெறுக்கின்றாள். அவள் அசையவில்லை.

ஆயினும் அவ்வீட்டின் நடுநிலை, அன்றைய ஐரோப்பாவின் நடுநிலையோடு பிணைந்தது. 1936 ஓகஸ்டில் பிரித்தானியாவும் பிரான்சும் முன்னின்று தலையிடாமைக் கொள்கையை வகுத்தன. அதில் உடன்பட்ட ஜேர்மனியும் இத்தாலியும் பிராங்கோவுக்கு விமானங்களையும் படைகளையும் அனுப்பிக்கொண்டேயிருந்தன. குடியரசுக்கு ஆயுதம் மறுக்கப்பட்டமையே ‘தலையிடாமை’யின் நடைமுறைப் பொருளாயிற்று. கிராமத்துப் பாதிரியாருடன் பேத்ரோ நிகழ்த்தும் வாதத்தில் இவ்வுண்மை வெளிப்படுகின்றது.

வாதத்தினும் வலியது ஒரு தொப்பி. கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஹுவானை, எதிரிகளின் படகொன்று போகிற போக்கிற் சுட்டுச் செல்கின்றது. அவன் ஆயுதம் ஏந்தவில்லை, எவரையும் எதிர்க்கவில்லை. அவன் அணிந்திருந்தது பழைய கந்தல் தொப்பி. அதுவே அவனை ஏழையென அடையாளங் காட்டிற்று என்பதைத் தாய் உணர்கின்றாள். நடுநிலை வகிக்கும் உரிமை, தொப்பியைப் பார்த்து வழங்கப்படுகின்றது. வர்க்கத்தைப் பற்றி நீண்ட வசனங்கள் சொல்ல முடியாததை இவ்வொரு பொருள் சொல்லிவிடுகின்றது.

ஐரிஷ் ஆசிரியர் சிங்கின் ‘கடலை நோக்கிச் செல்வோர்’ (1904) நாடகத்திலிருந்தே பிரெக்ட் மூலக்கருவைப் பெற்றார். ஆங்கு கடைசி மகனையும் கடலுக்குப் பலிகொடுத்த தாய் விதிக்கு அமைகின்றாள். இங்கு கொன்றது கடலன்று, மனிதர். எனவே அமைதலுக்கு இடமில்லை. தெரேசா துப்பாக்கிகளை எடுத்துக் கொடுத்து, வெந்த ரொட்டியையும் எடுத்துக்கொண்டு, தம்பியோடும் இளைய மகனோடும் தானும் களத்துக்குப் புறப்படுகின்றாள்.

நாடகத்தின் குறையும் இவ்விடத்திலேயே தோன்றுகின்றது. பேத்ரோவின் நியாயங்கள் அசைக்காத தாயை மகனின் பிணம் அசைக்கின்றது. துயரம் தெளிவைத் தரலாம், வெறியையும் தரலாம். பிணத்தைக் காட்டி மக்களைத் திரட்டும் வித்தை பாஸிஸ்டுகளும் அறிந்ததே. இறுதிக் காட்சிக்கு மண்டபம் கைதட்டும்போது, போரை நேரிற் கண்ட தாயொருத்தி கைதட்டாதிருந்தால், அவளைக் கோழையென்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

பிரெக்ட் இதனை அறியாதவரல்லர். உணர்ச்சி ஒன்றுதலை நம்பும் பழைய முறையிலேயே இதனை எழுதியதாக அவரே ஒப்புக்கொண்டார். அக்குறையை ஓரளவு ஈடுசெய்ய, ஸ்பானிய நிகழ்ச்சிகளைக் காட்டும் ஆவணப் படமொன்றுடன் சேர்த்து நடிக்கலாம் என்றும் கூறினார். குடியரசு 1939இல் வீழ்ந்த பின்னர், பிரெஞ்சு மண்ணின் அகதி முகாமொன்றைக் களமாகக் கொண்ட முன்காட்சியும் பின்காட்சியும் நாடகத்துடன் சேர்ந்தன. தோல்வியின் ஒளியிலே அதே கதையை மீண்டும் விசாரிக்கும் நேர்மை அது.

ஆகவே, இதனை மேடையேற்ற விழையும் ஆசிரியரும் மாணவரும் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். தாயின் மறுப்புக்கு அதன் முழுப் பலத்தையும் கொடுத்தே நடித்தல் வேண்டும். தொடக்கத்திலேயே அவளைத் தோற்றவளாகக் காட்டிவிட்டால் எஞ்சுவது பிரசாரம் மட்டுமே. மக்களை நேசிக்கும் கலை, மக்களின் அச்சத்தையும் மதிக்கும்.