அடைப்பு நீங்கினால் மட்டும் போதுமா?

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு வரும் பக்கவாதத்துக்கு, பலன் நிரூபிக்கப்பட்ட அவசரச் சிகிச்சை என்று ஒன்று 1995 வரை இல்லை. நோயாளியைப் படுக்கவைத்து, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொண்டு, மீள்வது மீளட்டும் என்று காத்திருந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வெளியானது. 624 நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு, அறிகுறி தொடங்கிய 3 மணி நேரத்துக்குள், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் மருந்தைச் சிரை வழியாக ஏற்றினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, குறைபாடு ஏறக்குறைய இல்லாமல் மீளும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைந்தது 30 சதவீதம் கூடியிருந்தது. நிலைமை மோசமாகும் அளவுக்கு மூளைக்குள் ரத்தம் கசிந்தவர்களும் கூடியிருந்தார்கள்: மருந்து பெறாதவர்களில் 0.6 சதவீதம், பெற்றவர்களில் 6.4 சதவீதம்.

கைகூடும் நன்மையும் கையை மீறும் ஆபத்தும் ஒரே ஊசியில் இருப்பதால்தான் இந்தச் சிகிச்சையைப் பற்றிய வாதம் முப்பது ஆண்டுகளாக ஓயவில்லை. அமெரிக்காவின் அவசரச் சிகிச்சை மருத்துவர்கள் பலர் அதை நம்ப மறுத்தார்கள். மருந்து பெற்ற குழுவில் லேசான பாதிப்புள்ளவர்கள் சற்று அதிகமாக இடம்பெற்றுவிட்டார்கள் என்பது அவர்களின் முக்கியமான ஆட்சேபம். அது நியாயமான கேள்வி. சுயேச்சையான குழு ஒன்று தரவுகளை மறுபடியும் அலசி, அந்த ஏற்றத்தாழ்வைக் கழித்தாலும் பலன் நிற்கிறது என்று 2004-இல் அறிவித்தது. பின்னர் 2014-இல், 9 ஆய்வுகளின் 6756 நோயாளிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். 3 மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 32.9 சதவீதம் பேர் நன்றாக மீண்டார்கள், பெறாதவர்களில் 23.1 சதவீதம். மூன்றிலிருந்து நாலரை மணி வரை அந்த இடைவெளி பாதியாகச் சுருங்கியது: 35.3, 30.1.

இதே தொகுப்பில் இன்னொரு கணக்கும் உண்டு. 90 நாளில் இறந்தவர்கள், மருந்து பெற்றவர்களில் 17.9 சதவீதம், பெறாதவர்களில் 16.5 சதவீதம், பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் குடும்பம் கேட்பதோ “உயிருக்கு ஒன்றும் ஆகாதே, டாக்டர்?” என்பதுதான். இந்த ஊசி உயிரைக் காப்பாற்றுவதற்கானது அல்ல. பிழைப்பவர் எழுந்து நடப்பாரா, பிறர் கையை எதிர்பார்த்துக் கிடப்பாரா என்பதை மாற்றக்கூடியது. இதை யாரும் விளக்கிச் சொல்லாததால், கையெழுத்துக் கேட்கும் அந்தச் சில நிமிடங்களில் குடும்பம் தவறான தராசில் எடை போடுகிறது. தீமை வந்தால் ஓரிரு நாளில் கண்முன் தெரியும்; நன்மையோ பெரும்பாலும் மெல்லத்தான் தெரியும். 1995 ஆய்விலேயே, 24 மணி நேரம் கழித்துப் பார்த்தபோது இரு குழுக்களுக்கும் தெளிவான வேறுபாடு இல்லை. ‘ஊசி போட்டும் கை அசையவில்லையே’ என்று மறுநாளே மனம் உடைபவர்களிடம் இதைச் சொல்லும் நேரமாவது மருத்துவமனைக்கு இருக்கவேண்டும்.

கரைக்க முடியாத பெரிய கட்டியை வெளியே இழுத்தெடுக்கும் முறையின் கதை இதைவிட விறுவிறுப்பானது. தொடை இடுக்கின் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை மூளைவரை செலுத்திக் கட்டியை நீக்குவார்கள். 2013-இல் வெளியான மூன்று ஆய்வுகள் இதனால் கூடுதல் பலன் இல்லை என்றன. இரண்டே ஆண்டில், 2015-இல், நெதர்லாந்தின் ‘மிஸ்டர் கிளீன்’ தொடங்கி ஐந்து ஆய்வுகள் நேர்மாறாகக் கூறின. இடையில் மூன்று விஷயங்கள் மாறியிருந்தன. பெரிய குழாயில் அடைப்பு இருப்பதை ஸ்கேனில் உறுதி செய்த பிறகே நோயாளியைச் சேர்த்தார்கள்; கட்டியைப் பற்றி இழுக்கும் வலைக்குழாய்கள் மேம்பட்டிருந்தன; வேகம் கூடியிருந்தது. ஐந்தையும் சேர்த்த 1287 பேரில், சொந்தக் காலில் வாழும் நிலைக்கு மீண்டவர்கள் 26.5 சதவீதத்திலிருந்து 46 சதவீதமாக உயர்ந்தார்கள். ரத்தக்கசிவும் கூடவில்லை. நவீன மருத்துவத்தில் இவ்வளவு பெரிய பலன் அரிது.

ஆனாலும் நூற்றில் 54 பேர் அந்த நிலைக்குத் திரும்பவில்லை. கட்டி நீக்கும் சிகிச்சை பெற்ற பிறகும்தான். முதல் ஆய்வின் வெற்றியைக் கண்டு மற்ற ஆய்வுகளை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். அப்படி நிறுத்தப்படும் ஆய்வுகள் பலனைச் சற்றுப் பெரிதாகக் காட்டும் இயல்புடையவை. மேலும், தேர்ந்த மையங்களில், தேர்ந்தெடுத்த நோயாளிகளிடம் கிடைத்த எண்கள் இவை. வெற்றியின் ஊக்கத்தில் சிறிய, நடுத்தரக் குழாய்களிலும் இதைச் செய்து பார்த்தார்கள். 2025-இல் வெளியான இரு பெரிய ஆய்வுகளிலும் மருந்துச் சிகிச்சையைவிட மேலான பலன் கிடைக்கவில்லை. எங்கே நிறுத்தவேண்டும் என்பதையும் இந்தத் துறை ஆய்வின் மூலமே கண்டுகொள்கிறது. அதை அதன் நேர்மையாகவே நான் பார்க்கிறேன்.

நேரத்தைப் பற்றிய பேச்சில்தான் குழப்பம் அதிகம். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். அது சராசரி. பக்கத்துக் குழாய்கள் வழியே ரத்தம் கிடைக்கும் மூளை பல மணி நேரம் தாங்கும். கிடைக்காத மூளை ஒரு மணி நேரத்தில் மடியலாம். 2018-இல் வந்த ‘டான்’ ஆய்வு, 6 முதல் 24 மணி நேரம் கடந்தவர்களிலும் மீட்கத்தக்க மூளைப்பகுதி மிச்சமிருந்தவர்களை ஸ்கேனில் பிரித்தெடுத்தது. கட்டி நீக்கப்பட்டவர்களில் 49 சதவீதம் பேரும், நீக்கப்படாதவர்களில் 13 சதவீதம் பேரும் பிறர் துணையின்றி வாழும் நிலைக்கு வந்தார்கள். இதைப் படித்துவிட்டு ‘24 மணி நேரம் இருக்கிறது’ என்று யாராவது ஆறுதல் கொண்டால் அதைவிட ஆபத்து வேறில்லை. அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் மெதுவாகச் சேதமாகும் மூளை வாய்த்தவர்கள். தம் மூளை எப்படிப்பட்டது என்று வீட்டில் இருந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது.

பலனை அளக்கும் கோலிலும் குறை இருக்கிறது. இந்த ஆய்வுகள் எல்லாம் நம்பியிருப்பது, கிளாஸ்கோ மருத்துவர் ஜான் ராங்கின் 1957-இல் வகுத்து, பிறகு திருத்தப்பட்ட ஓர் அளவுகோலை. குறையே இல்லாவிட்டால் பூஜ்யம், இறந்துவிட்டால் ஆறு. நடக்கிறாரா, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறாரா என்பதை அது நன்றாகச் சொல்லும். பேச்சு தடுமாறி வகுப்பெடுக்க முடியாமல் போன ஆசிரியரையும், காரணம் புரியாத சோர்விலும் மனச்சோர்விலும் மூழ்கிய தையற்காரரையும் அது ‘நல்ல பலன்’ பெற்றவர்கள் பட்டியலில் சேர்த்துவிடக்கூடும்.

எனக்குப் பெரிய மனக்குறை வேறிடத்தில். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 ஸ்ட்ரோக் பிரிவுகளில் நடந்த ஆய்வு 2011-இல் ‘லான்செட்’டில் வந்தது. அங்கே செவிலியர்கள் மூன்றே விஷயங்களை ஒழுங்காகக் கவனிக்கப் பயிற்சி பெற்றார்கள்: காய்ச்சல், சர்க்கரை, விழுங்கும் திறன். 90 நாளில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் 58 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாகக் குறைந்தார்கள். ‘சார்ந்திருத்தல்’ என்பதை அளவுகோலில் வேறு இடத்தில் வரையறுத்ததால் கட்டி நீக்கும் ஆய்வுகளோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒரு தெர்மாமீட்டரும், சர்க்கரைப் பரிசோதனையும், வாயில் தண்ணீர் கொடுப்பதற்கு முன் செய்யும் சோதனையும் எந்த மாவட்ட மருத்துவமனைக்கும் எட்டாதவை அல்ல. பக்கவாதத்துக்கென்று தனிப் பிரிவும் அதற்குப் பழகிய செவிலியரும் இருந்தால், ஊசிக்குத் தகுதியற்றுத் தாமதமாக வந்தவரும் பயன் பெறுவார். புதிய கருவிக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் கால்வாசி கூட இதற்குக் கிடைப்பதில்லை.

வீடு திரும்பிய பிறகு? குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுத்து வீட்டில் மறுவாழ்வுச் சிகிச்சை செய்யவைத்தால் என்ன என்று இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1250 பேரிடம் சோதித்தார்கள். 2017-இல் வந்த முடிவு: ஆறு மாதத்தில் இறந்தவர்கள், பிறரைச் சார்ந்திருந்தவர்கள், குடும்பத்தார் பயிற்சி பெற்ற, பெறாத இரு குழுவிலும் 47 சதவீதம். மகளும் மருமகளும் எவ்வளவு அன்போடு செய்தாலும், பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டின் இடத்தை அவர்களால் நிரப்ப முடியவில்லை என்றே இதை நான் வாசிக்கிறேன். அந்தச் சுமையை வீட்டுப் பெண்கள் மேல் இறக்கிவைப்பது சிக்கனமும் அல்ல, சிகிச்சையும் அல்ல.

ஆகவே என் தீர்ப்பு இது. அடைப்பு நீக்கும் சிகிச்சை, அதற்கு உரியவரிடம் உரிய நேரத்தில் போய்ச் சேரும்போது மிக வலுவானது. அதற்கு முன்னும் பின்னும் நாம் கட்டியிருக்கும் ஏற்பாடு பலவீனமானது. ஒரே வீச்சில் செலுத்திவிடக்கூடிய டெனெக்டிப்ளேஸ், ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டிய பழைய மருந்துக்குக் குறைந்ததல்ல என்று கனடாவில் நடந்த ஆய்வு 2022-இல் காட்டியது. சிறிய ஊர்களின் மருத்துவமனைகளுக்கு அது பெரிய வசதி. ஆனால் அங்கே இரவிலும் சி.டி. ஸ்கேன் ஓடவேண்டும், அதைப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

வாசகர்களிடம் கேட்பது இவ்வளவுதான். வாய் கோணினால், ஒரு பக்கக் கை தொங்கினால், பேச்சு குழறினால் கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று விடாதீர்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. அடைப்பா, ரத்தக்கசிவா என்பதை ஸ்கேன்தான் சொல்லும். அதுவரை ஆஸ்பிரின் மாத்திரையோ, குடிக்கத் தண்ணீரோ கொடுக்காதீர்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள்.