கையா, கோன்செட்டா?

கீத் கோட் எழுதிய 'எ ட்விஸ்ட் ஆஃப் த ரிஸ்ட்' இரண்டாம் பாகம் (1993) எனக்குப் பிடித்த புத்தகம். வளைவுத் தொல்லைகளுக்கு மூலம் பயம்தான் என்கிறது: பயந்து ஆக்ஸிலேட்டரை மூடுறோம், ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கிறோம். சரிதான். மூடினால் எடை முன்சக்கரத்தில் ஏறும், ஃபோர்க் அமுங்கும், பின்டயரின் பிடி குறையும்.

ஆனால் அதை நம்பி, தக்கலை–குலசேகரம் சாலையில் மாதக்கணக்கில் என்னையே திட்டிக்கொண்டேன். மெக்கானிக் முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை விரலால் திருப்பினார். நடுவில் 'டக்' என்று சிக்கியது. "கையில குத்தமில்ல அண்ணே, கோன்செட்டு போச்சு."

புத்தகம் நல்ல வண்டியை வைத்தே பேசுகிறது. பழைய வண்டிக்கு வரிசை வேற: முதலில் டயர் காற்று, பிறகு கோன்செட், ஸ்விங்ஆர்ம் புஷ், கடைசியில்தான் கை. வரிசை மாறினா, எவ்வளவு பழகினாலும் பயம்தான் மிஞ்சும்.