ஆணி அறைந்த கதவும் இரண்டு அப்பங்களும்

இத்தாலிய எழுத்தாளர் அலெஸ்ஸாண்ட்ரோ மன்சோனியின் 'மணம் நிச்சயிக்கப்பட்டோர்' என்னும் நாவலைக் குருமடத்து நாட்களில் காதல் கதையாகவே படித்தோம். 1827இல் வெளிவந்து, 1840க்கும் 1842க்கும் இடையில் ஆசிரியராலேயே திருத்தப்பெற்ற நூல் அது. 2020இன் பொதுமுடக்கத்தில், கம்பம் பள்ளத்தாக்கில் பூட்டிய ஆலயத்தருகே அமர்ந்து அதை மீண்டும் படித்தபோது, 1630இல் மிலான் நகரைச் சூறையாடிய கொள்ளைநோய் பற்றிய அதிகாரங்களே நம்மை விடாமல் பற்றிக்கொண்டன.

நோய் வந்துவிட்டது என எச்சரித்த முதிய மருத்துவர் செத்தாலாவை மக்கள் தெருவில் தாக்க முற்பட்டனர். கூட்டம் கூடினால் தொற்று பரவுமென அஞ்சிய கர்தினால் பெதெரிகோ பொரோமியோ, பவனிக்கு முதலில் இசையவில்லை. நெருக்குதல் மிகவே இணங்கினார். ஜூன் 11ஆம் நாள் புனித சார்லஸ் பொரோமியோவின் உடல் நகரெங்கும் பவனியாகச் சென்றது. மறுநாள் முதல் சாவு பெருகிற்று. மக்களோ தாங்கள் கூடியதை எண்ணிப் பார்க்கவில்லை. யாரோ நஞ்சு பூசிவிட்டார்கள் என்றனர். சேர்ந்து செய்த தவற்றை ஒப்புவதைவிட, ஒரு பகைவனைக் கற்பித்துக்கொள்வது மனத்திற்கு எளிது போலும்.

எனினும் நூலின் உயிர் 34ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கதைத்தலைவன் ரென்சோ, வாயிற்காவலனிடம் ஒரு வெள்ளிக்காசை வீசிவிட்டு நகருக்குள் நுழைகிறான். கணவனை நோய்க்குப் பறிகொடுத்த ஒரு தாயைக் குழந்தைகளோடு உள்ளே வைத்துக் கதவில் ஆணி அறைந்திருக்கிறார்கள். அப்பம் கொண்டுவர எவரும் வரவில்லை. அவள் மேலிருந்து இறக்கிய கூடையில் ரென்சோ தன்னிடமிருந்த இரண்டு அப்பங்களை இடுகிறான். பின்னர் வழியில் கண்ட ஒரு குருவானவரிடம் அவளைப் பற்றிச் சொல்லிவைக்கிறான். பெயர்கூட இல்லாத அக்குரு, தொடக்கத்தில் வரும் கோழைப் பங்குக்குரு தோன் அப்போந்தியோவுக்குச் சரியான மறுமொழி. அப்போந்தியோ எவருடைய கட்டளையையும் மீறுவதில்லை. அச்சத்திற்கு விவேகம் என்று பெயர் சூட்டிக்கொள்கிறார்.

அவரைப் பார்த்துச் சிரிக்க நமக்குத் தகுதியில்லை. நம் பங்கில் ஒரு முதிய தம்பதியரின் வாசலில் தகரம் அடிக்கப்பட்டபோது, விதியை மதிப்பதாக எண்ணி மூன்று நாள் அத்தெருப் பக்கமே போகவில்லை. நான்காம் நாள் பார்த்தால், பக்கத்து வீட்டு அம்மா முகக்கவசத்தோடு தகரத்தின் மேலாகக் கஞ்சித் தூக்குவாளியை நீட்டிவிட்டு, எட்டி நின்று நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் எந்த விதியையும் மீறவில்லை. விதி நம்மையும் ஒருநாளும் தடுக்கவில்லை. நாம்தான் அதன் பின்னால் ஒளிந்துகொண்டோம்.

மன்சோனியிடம் ஒரு குறை உண்டு. ரென்சோ ஏற்கெனவே அந்நோய் கண்டு பிழைத்தவன். ஆகவே அவன் மீறல் அவனுக்குக் கேடில்லாததாகிவிடுகிறது. உதவப் போகிறவனே நோயைக் கொண்டுபோகக்கூடும் என்ற கடினமான கேள்வியை ஆசிரியர் அவனைக் கொண்டு எழுப்புவதில்லை. முடக்க நாட்களில் நம்மை வாட்டியது அக்கேள்வியே.

இன்னொன்று. 2020 மார்ச் இறுதியில் இடுக்கி ஏலத்தோட்டங்களில் வேலை நின்றதால், போடி அருகே இராசிங்காபுரத்திற்கு மலைக்காட்டு வழியே நடந்து திரும்பிய தொழிலாளரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. குழந்தை உட்படச் சிலர் மாண்டனர். விதியை மீறினோர் என்று அவர்களை ஒரே சொல்லில் அடக்கிப் பேசியோரை நாமும் அறிவோம். வயிற்றுப்பாட்டுக்காக வழிமாறி நடப்போரிடம் மன்சோனி இவ்வளவு அவசரமாகத் தீர்ப்பு எழுதுவதில்லை.

முழு நூலையும் படிக்க இயலாதோர் 31 முதல் 36 வரையுள்ள அதிகாரங்களையேனும் படிக்கலாம். கப்புச்சின் துறவி கிறிஸ்தோபோரோ நோயாளரிடையே தம்மைக் கரைத்துக்கொள்ளும் பகுதியும் அதில் அடங்கும்.