பகிர்வும் உடைமையும்
ஒரே கணனியைப் பல பிரிவுகளாக வகுத்துத் தனிக்கணனிகள் போல இயக்கும் முறையை ஐ.பி.எம். நிறுவனம் 1988இல் தன் பெருங்கணனிகளில் புகுத்தியது. அன்று உள்ளீட்டு வெளியீட்டு வழி ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் ஒரு பிரிவுக்கே உரியது. அப்பிரிவு வாளாவிருப்பின் வழியும் வறிதே கிடந்தது. அந்நிறுவனத்தின் பவர் 5 கணனிகளுக்கென 2004இல் வந்த மெய்நிகர் உள்ளீட்டு வெளியீட்டுச் சேவையகம், வட்டையும் வலையமைப்பு இணைப்பையும் பல பிரிவுகளுக்குப் பகிர்ந்தளித்தது. இது முன்னேற்றமே, மறுத்தற்கில்லை. ஆயின், இதனைப் பொதுவுடைமை எனக் கொள்ளுதல் நமக்கு உடன்பாடன்று. சாதனங்கள் சேவையகத்தின் கையிலேயே உள்ளன. ஏனைய பிரிவுகள் பயன்படுத்தும் உரிமையை மட்டுமே பெறுகின்றன. சேவையகம் ஒன்றேயாயின், அது நின்றால் அதனை நம்பிய யாவும் நிற்கும். ஆகவேதான் இரண்டு நிறுவுதல் வழக்காயிற்று. பகிர்வை மதிப்பிடும் நாம் அதன் அளவை நோக்குமுன், உடைமை யாரிடம் உள்ளது என வினவுதல் வேண்டும்.